பங்கு வைத்த சூடு

ஜெபமணி சிஸ்டர் கன்னியப்பனின் காதுமடலில் முதன்முதலாகக் கிளிப்பை மாட்டி, சோப்பு டப்பா அளவே இருந்த மிஷினின் குமிழைத் திருகிய அன்றைக்கு, நடுவக்குளத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று பேரைத் தவிர மற்ற ஆயிரத்து இருநூறு பேரும் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். வந்து நின்ற பிறகுதான் எதற்கு ஓடி வந்தோம் என்று யோசித்தார்கள். எல்லோருக்கும் பிடரியில் சூடு இருந்தது, நாக்கில் கந்தக ருசி இருந்தது, செருப்பில்லாமல் முள்காட்டில் ஓடிய எரிச்சல் உள்ளங்காலில் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்று, ஏழெட்டு நிமிடத்தில் அது தணிந்ததும், உலையில் போட்டது குழைந்துவிடுமே என்று பெண்கள் உள்ளே போனார்கள், பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்ததைப் பார்த்து டீக்கடை பெத்தையா யாரையென்று இல்லாமல் பொதுவாக வைதான். சுகாதார சப்சென்டர் அறையில் கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்து ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் கொட்டாவி விட்டான்.

அதற்கு முந்தைய ஆடி மாதம் ஊருக்குத் தெற்கே இருந்த பட்டாசு ஆலையில் மூன்று செட்டுகள், வெடிமருந்து கலக்கும் கொட்டகைகள், வெடித்துப் போயின. பதினோரு பேர் செத்தார்கள், எட்டுப் பேர் வெந்து பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்குத் தோல் ஆறியதே தவிர மற்றது ஆறவில்லை. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்குக் கீழே போனார்கள், கல்யாண வீட்டில் வேட்டுப் போட்டால் வயற்காட்டில் போய் விழுந்து கிடந்தார்கள், சும்மா இருக்கிற நாளிலும், ஆலை வெடித்த நேரமான காலை பத்து இருபதுக்கு எட்டுப் பேரும் எட்டு வீட்டில் ஒரே நேரத்தில் அலறினார்கள், அந்த அலறலை வைத்து ஊரில் கடிகாரத்தைச் சரி பார்க்கவும் முடிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மிஷினோடு வந்த சிஸ்டர், "இது ஷாக் வைக்கிறது இல்ல, பயப்படாதீங்க. எறும்பு ஊருற மாதிரித்தான் இருக்கும். காது வழியா ஒரு நரம்பு நெஞ்சுக்குப் போகுது, அதைக் கொஞ்சம் தட்டிக் கொடுக்கிறோம், பிள்ளையத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி. ஒரு ஆளுக்குப் பத்து நாள்" என்று சொல்லியிருந்தார். தட்டிக் கொடுத்ததில் உள்ளே இருந்த பயம் எழுந்து, வயர் வழியாக வந்து, எர்த் கம்பியில் இறங்கி, மண்ணோடு ஊருக்குள் பரவுகிறது என்று வயர்மேன் சொன்னான். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. ஒரு ஆள் சுமக்க முடியாததை ஆயிரத்து இருநூறாகப் பங்கு வைத்தால் தலைக்கு ஒரு கடுகு வருமா என்று கேட்டார்கள், அவ்வளவுதான் வரும் என்று தெரிந்ததும் சரி என்றார்கள். நெருங்கின உறவுக்குப் பங்கு சற்றுக் கூடுதலாக வந்தது, கன்னியப்பனின் பெண்டாட்டிக்கு ஒரு பிடி வந்தது, அதுவும் முறைதானே என்றார்கள்.

பிறகு அதற்கென்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலை பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியருகே தொங்கிய தண்டவாளத் துண்டை ஒருவன் தட்டுவான். உடனே அடுப்பிலிருந்து பாலை இறக்கினார்கள், கிணற்றில் இறங்கியவர்கள் ஏறினார்கள், சவரம் செய்கிறவர் கத்தியை மடக்கினார், தொட்டில் பிள்ளைகளைத் தரையில் இறக்கிப் போட்டார்கள். ராஜபாளையம் போகும் பஸ் ஊர் எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது, ஏனென்றால் ஒரு தடவை டிரைவருக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போதே பங்கு வந்து பஸ் கரையில் ஏறிவிட்டது. எல்லோரும் தெருவில் வந்து நின்றார்கள். வந்தது, போனது. மறுபடி தண்டவாளத்தைத் தட்டியதும் விட்ட வேலையைத் தொட்டார்கள்.

"இன்னைக்கு யாரோடது?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"குருவம்மா மதினியோடது. ரெண்டாம் நாளு."

"அப்ப ஆளுக்கொண்ணைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமே."

குருவம்மாள் ஆலை வெடித்த அன்றைக்குத் தப்பி ஓடியவள், பாதியில் திரும்பிப் போய்த் தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அதனால் அவளுடைய முதல் நாளில் ஊர் முழுவதும் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது. தலையாரி ஆட்டுக்குட்டியோடு வந்தார், ஒரு புதுப்பெண் மாமியாரின் கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தாள். குருவம்மாளுக்கு அவமானமாகிப் போனது. "உசுரு போற நேரத்துல எனக்குத் தூக்குவாளி கேட்டிருக்கு பாரு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அத விடு மதினி" என்றான் பெத்தையா. "அன்னைக்கு உள்ள என்ன கொழம்பு? எனக்குக் கத்திரிக்கா மாதிரி படுது, எங்க வீட்டுக்காரி கருவாடுங்கா."

"கத்திரிக்காயும் கருவாடும் சேத்துத்தான்" என்று சொல்லிக் குருவம்மாள் முந்தானைக்குள்ளேயே சிரித்தாள், கடையே சிரித்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சொரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. தூக்குவாளிக்குள் இருந்த குழம்பு வரைக்கும் வந்துவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் அவன் தெரிந்துகொண்டான்.

சொரிமுத்து எட்டாவது ஆள். அவனும் அவன் பெண்டாட்டி ராக்கும் பதினான்கு வருடம் ஒரே செட்டில் ஜோடியாக மருந்து கலந்தவர்கள். ராக்கு செத்த பதினோரு பேரில் ஒருத்தி. சொரிமுத்துவுக்கு வலது கை வெந்து, விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி, கரண்டி பிடிக்க வராமல் போயிற்று. மகள் மாரீஸ்வரி பத்தொன்பது வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்து அவனுக்குச் சோறு ஊட்டினாள். பார்க்க வருகிறவர்களிடம் அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக் காட்டுவாள். "அப்பா தண்ணி பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்திருக்கு. சத்தம் கேட்டு ஓடி வந்து கதவைத் திறக்கப் பாத்திருக்கு. எங்கம்மாவுக்காக வெந்த கை இது" என்று சொல்லுவாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். அவன் சொன்னதைத்தான் அவள் சொன்னாள்.

நடந்தது வேறு. ஆடிக் காற்றில் அலுமினியப் பொடி பறக்கும், பறந்தால் எடை குறையும், எடை குறைந்தால் போர்மேன் கத்துவான். அதனால் எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்த இரண்டு கதவுகளில் மேற்குக் கதவை மணல் வாளிகளை அண்டக் கொடுத்துச் சாத்தி வைப்பார்கள். கிழக்குக் கதவு வழியாகத்தான் போக்குவரத்து, அதையும் போகிறவர்கள் பின்கையால் இழுத்துவிட்டுத்தான் போக வேண்டும். காற்றில் திறக்காமல் இருக்க வெளியே ஒரு கொக்கி, இழுத்தால் தானாக வளையத்தில் விழுந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வேண்டுமானால் குரல் கொடுப்பார்கள், யாராவது வந்து எடுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கிற காரியம் அது. அன்றைக்கு நிஜமாகவே தண்ணீர் பிடிக்கத்தான் குடத்தோடு எழுந்தான் சொரிமுத்து. எழுந்தவன் மருந்துத் தட்டின் ஓரத்தில் ஊசி நூல் மாதிரி ஒரு புகை நிற்பதைப் பார்த்தான். ராக்கு அதைப் பார்க்கவில்லை, அவள் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் கத்தவில்லை. கால் வெளியே பாய்ந்தது, பதினான்கு வருடம் செய்ததைக் கை செய்தது. கதவை இழுத்தது, கொக்கி விழுந்தது.

இதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மகளிடம் சொல்ல வாயைத் திறந்தான். அவள் பசியென்று நினைத்து அதற்குள் ஒரு கவளத்தை வைத்தாள்.

ஏழு பேருக்கும் முடிந்து வைகாசி ஆகியிருந்தது. கன்னியப்பன் சைக்கிளில் ஆடு மேய்க்கப் போனான், குருவம்மாள் பேத்தியின் காதுகுத்துக்குப் போய் வேட்டுச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தாள். சொரிமுத்து மட்டும் பத்து இருபதுக்கு அலறினான். வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் போக முடியாமல் முற்றத்திலேயே கிடந்தான், மழைக்கும் அங்கேயே கிடந்தான். சிஸ்டர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றான்.

ஊர் அவனை நெருக்கியது, அன்பாகத்தான் நெருக்கியது. "உன்னோடது ஒண்ணுதான் மாமா பாக்கி" என்றான் பெத்தையா. "ஏழு பேரோடதையும் வாங்கியாச்சு, உன்னோடத மட்டும் வாங்காம விட்டா எங்களுக்கு எப்படி மனசு ஆறும்?"

"என்னோடது எனக்கு இருக்கட்டும்யா."

"ராக்கு அத்தையோட நெனப்பு போயிரும்னு பாக்கியா? நெனப்பு எங்கயும் போகாது. சூடுதான் போகும். கன்னியப்பனக் கேளு, எல்லாத்தையும் யாருக்கோ நடந்த மாதிரி சொல்லுதான்."

அதைக் கேட்டுத்தான் சொரிமுத்துவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் மாரீஸ்வரி சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "யப்பா, உனக்கு என்ன வேணும்? நீ கத்துறதத் தெனம் பாத்துப் பாத்து, நானும் அம்மாவோட அந்தச் செட்டுக்குள்ள இருந்திருக்கலாம்னு தோணுதுப்பா." அவள் அப்படிச் சொன்னதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. உட்காருகிறேன் என்றான். ஆனால் முதல் நாள் நீ ஊரில் இருக்கக் கூடாது, ஒன்பதரை பஸ்ஸில் ராஜபாளையம் சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும், மற்ற நாள் இருந்துகொள் என்றான். முதல் நாள்தான் முழுசாக இறங்கும், அடுத்தடுத்த நாளில் தேய்ந்து, பத்தாம் நாள் ஒன்றுமே இருக்காது என்பது ஊருக்கே தெரியும்.

"எதுக்குப்பா?"

"சொன்னாக் கேளு ஆத்தா. இல்லன்னா நான் உக்கார மாட்டேன்."

அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பதரை பஸ் என்பது பெயருக்குத்தான், அன்றைக்கு அது வந்ததே ஒன்பது ஐம்பத்தைந்துக்கு. பாலத்துக்கு வருவதற்குள் தண்டவாளச் சத்தம் கேட்டது, டிரைவர் வழக்கம்போல எல்லைக்கு இந்தப் பக்கமே ஓரங்கட்டி நிறுத்தினார். நடந்ததை அவர் பிறகு சொன்னார். எல்லோரும் இறங்கி நின்றார்களாம். மாரீஸ்வரி பாலத்தைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள். "நாலடி வச்சுத் தாண்டிரும்மா, அந்தப் பக்கம் வராது, உங்கப்பா சொல்லியிருக்காருல்ல" என்று டிரைவரே சொல்லியிருக்கிறார். "எங்கப்பாவோடத ஊரே நின்னு வாங்குது. பெத்த மக நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கவா அண்ணே?" என்று சொல்லிவிட்டு அவள் ஊரைப் பார்க்கத் திரும்பி நடந்தாளாம்.

சப்சென்டரில் சொரிமுத்துவின் காதில் ஸ்பிரிட் தடவிச் சில்லென்று கிளிப்பை மாட்டினார் சிஸ்டர். முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு தைத்த முள்ளின் முனையை நகம் தொட்டுவிட்டதுபோல் உள்ளே ஏதோ சிலிர்த்தது. செட் வந்தது, தட்டு வந்தது, புகை நூல் வந்தது, எத்தனையோ தடவை வந்து அவனைக் கீழே தள்ளிய அதே வரிசையில் எல்லாம் வந்தது. ஆனால் இந்தத் தடவை வந்தது அவனிடம் நிற்கவில்லை, நிறுத்தத்தில் நிற்காத பஸ்ஸைப்போல அவனைக் கடந்து வயருக்குள் போனது. போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஐயோ, போகாதே என்று சொல்லவும் நேரமில்லை.

வெளியே ஆயிரத்து இருநூறு பேரும் கிழக்கே இரண்டு எட்டுப் பாய்ந்தார்கள். ஆயிரத்து இருநூறு வலது கைகள் பின்னால் போய் ஒரு கதவை இழுத்தன. அங்கே கதவு இல்லை, இருந்தாலும் கொக்கி விழுகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு ராக்குவின் குரல் கேட்டது. அவளோடு தண்ணீருக்கு நின்றவர்களுக்கும், அவளிடம் வம்பு பேசியவர்களுக்கும், அவள் பெற்ற மகளுக்கும் அந்தக் குரல் தெரியும். அதில் பயமே இல்லை, சாதாரணமாக எல்லா நாளும் கூப்பிடுவதுபோல, கொஞ்சம் சலித்துக்கொண்டு, "ஏங்க, கொக்கி விழுந்துருச்சு. எடுங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உள்ளே மருந்து பற்றியது. ஆயிரத்து இருநூறு கைகளும் திரும்பி முன்னே நீண்டன, பழுத்த இரும்பைத் தொட்டன, தொட்டதும் விட்டன. இன்னும் ஒரு நொடி பிடித்திருந்தால் கொக்கி எழும்பியிருக்கும் என்பதும் அந்தக் கைகளுக்குத் தெரிந்தது.

தண்டவாளத்தைத் தட்ட வேண்டியவன் தட்டவில்லை. யாரும் நகரவில்லை. ஒருவரும் சொரிமுத்துவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, எப்படிச் சொல்வார்கள்? அந்த ஊரில் பாதிப்பேர் ஆடிக் காற்றில் அதே கதவுகளை அதே பின்கையால் இழுத்துவிட்டு வந்தவர்கள். பெத்தையா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேட்டிக்குள் மறைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து, மிச்சமிருந்த செட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்த ஆலையில் யாரும் எந்தக் கதவையும் சாத்தவில்லை. ஆனி பிறந்து காற்று எழும்பியது, பொடி பறந்தது, எடை குறைந்தது, போர்மேன் கத்தினான், இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் மணல் வாளிகளை மேற்குக் கதவுக்கு அண்டக் கொடுத்தார்கள்.

சொரிமுத்து சப்சென்டரிலிருந்து வெளியே வந்தபோது மாரீஸ்வரி தொட்டியடியில் நின்றிருந்தாள். வலது கையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். துணிப்பை காலடியில் கிடந்தது. அவளுக்குக் கடுகளவு வரவில்லை, பிடியளவும் வரவில்லை. அவனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை, உறவின் பங்கு என்று இருந்தது முழுவதும் அவளுக்கே வந்திருந்தது.

மீதி ஒன்பது நாளும் அவன் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தான், உட்காருங்கள் என்று அவள்தான் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவனை நீ, வா, போ என்று பேசியவள் அன்றைக்குப் பிறகு நீங்கள் என்றுதான் பேசினாள். சண்டை போடவில்லை, சோற்றை நிறுத்தவில்லை. பத்தாம் நாள் முடிந்தபோது அவன் வாசற்படியைத் தாண்டினான், வீட்டுக்குள் படுத்தான், அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். மறுநாள் காலை பத்து இருபதுக்கு அவன் அலறவில்லை. அடுப்படியில் மாரீஸ்வரி அலறினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தான். சுவரில் நெற்றியை முட்டி நின்றிருந்தாள். "எனக்குக் காரணம் சொல்லுங்க" என்றாள், அவனைத் திரும்பிப் பார்க்காமல்.

"காரணமே இல்ல ஆத்தா. கை பழக்கத்துல இழுத்துருச்சு" என்று அவன் சொன்னான். அது உண்மைதான். ஆனால் சொன்ன குரல் நேற்று மழை பெய்தது என்று சொல்கிற குரலாக இருந்தது, அது அவன் காதிலேயே விழுந்தது. அழ வேண்டும் என்று நினைத்தான். அழுகை வரவில்லை. ராக்கு கதவுக்கு அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று நினைத்துப் பார்த்தான், நான்கு வார்த்தையும் நினைவில் இருந்தது, வரிசை மாறாமல் இருந்தது. குரல்தான் இல்லை. பேப்பரில் யாரோ எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் இருந்தது. பத்து மாதம் தினம் ஒரு தடவை கேட்டு அலறிய குரல் அது, உலகத்தில் அவளுடையது என்று அவனிடம் மிச்சமிருந்ததும் அது ஒன்றுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

சப்சென்டருக்கு ஓடினான். சிஸ்டர் மிஷினைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இதைத் திருப்பிப் போட முடியுமா?"

"எதை அய்யா?"

"போனதத் திரும்ப எனக்கே குடுக்கிற மாதிரி. கொஞ்சம் குடுத்தாப் போதும். அந்தக் கடைசியில வருதே, அது மட்டும்."

சிஸ்டர் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அப்படி ஒரு குமிழ் இதுல இல்லய்யா" என்றார். "மகள அழைச்சிட்டு வாங்க. அந்தப் பிள்ளைக்கும் பத்து நாள் வச்சிருவோம். ஊருக்குள்ள இறங்கிப் போயிரும்."

அவன் வந்து சொன்னான். மாரீஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு தடவை களைந்தாள்.

"கதவை இழுக்கும்போது செத்துரலாம்னுதான் இருக்கு" என்றாள். "இரும்பைத் தொடும்போது கை பொசுங்குது. ஆனா நடுவுல எங்கம்மா பேசுது. தெனம் பேசுது. நான் குடுக்க மாட்டேன்."

சிஸ்டர் மதியப் பஸ்ஸில் போய்விட்டார். தண்டவாளத்தைத் தட்டுகிற வேலை நின்றது, பத்து மணிப் பால் தடையில்லாமல் காய்ந்தது, ராஜபாளையம் பஸ் பாலத்தில் நிற்காமல் போனது. ஊர் தன் பங்குக்கு வந்த கடுகை இடுப்பில் முடிந்துகொண்டு வேலையைப் பார்த்தது. சொரிமுத்து இடது கையால் தானே பிசைந்து தின்னப் பழகினான், உடம்பு தேறினான், பார்த்தவர்கள் எல்லோரும் ஆளே மாறிவிட்டான் என்றார்கள்.

தினமும் பத்து இருபதுக்கு மட்டும் அவன் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுவான். மாரீஸ்வரி அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றிருப்பாள். தோள் குலுங்கும், வலது கை பின்னால் போகும், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அப்புறம் சட்டென்று எல்லாம் அடங்கி, தலையைச் சாய்த்து, காதை மட்டும் கொடுத்தபடி ஒரு கணம் நிற்பாள். அவன் நிலைப்படியில் நின்று அவள் முகத்தையே பார்ப்பான். தனக்கும் ஏதாவது கேட்கிறதா என்று மூச்சை அடக்கிப் பார்ப்பான். எங்கோ மாடு கத்துவது கேட்கும்.

ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஆத்தா, இப்பப் பேசுறாளா? கோவமாப் பேசுறாளா, எப்படிப் பேசுறா? ஒரு தடவை அதே மாதிரி சொல்லிக் காட்டேன்" என்று கேட்டான்.

அவள் கண்ணைத் திறக்காமல் இடது கையை மட்டும் அவன் பக்கம் தூக்கினாள்.

"பேசாதீங்க" என்றாள். "கேட்டுக்கிட்டிருக்கேன்."